எல்லாச் சாவிகளும் கையில் உள்ளவர்

கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு வீதியில் நடந்து செல்லும்போது, பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளே மிகுதியாகக் கண்ணில் படுகின்றன. வீட்டுக்கு உரியவர்கள் சென்னையிலும் கடல்கடந்த நாடுகளிலும் வாழ்கிறார்கள். திருமணமோ படைப்போ வந்தால் கூடுகிறார்கள், முடிந்ததும் கலைந்துவிடுகிறார்கள். மற்ற நாள்களில் வீட்டைக் காப்பவர் ஒருவர் உண்டு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என எல்லாப் பகுதிகளின் சாவிகளும் அவரிடம் இருக்கும். எந்த அறையில் எந்தப் பெட்டி இருக்கிறது என்பது உரியவர்களைவிட அவருக்கே நன்றாகத் தெரியும். ஆயினும் இரவில் அவர் படுப்பது திண்ணையில்தான்.

உள்ளே சென்று படுத்தால் தடுப்பவர் யாரும் இல்லை. பார்ப்பவரும் இல்லை. அவ்வாறிருக்க, எது அவரைத் திண்ணையிலேயே நிறுத்துகிறது? 'சம்பளம்' என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் சம்பளம் ஒருவரை வேலைக்கு வரச் செய்யுமேயன்றி, பூட்டிய அறைக்குள் தனியே நிற்கும்போது அவர் கையைக் கட்டிவைக்காது. எல்லாம் செய்ய வல்ல ஒருவர் தகாததைச் செய்யாமல் இருப்பதற்கு வேர் எது? பழமையான இந்தக் கேள்வியை, எதிர்பாராத ஓர் இடத்தில் நாங்கள் சந்திக்க நேர்ந்தது. அவ்விடம் ஒரு கணினி அறை.

காரைக்குடியை அடுத்த ஒரு பள்ளியில், ஆசிரியர்கள் மூவர் சேர்ந்து கணினி அறையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்றோம். ஒருவர் தமிழ் கற்பிப்பவர், ஒருவர் கணிதம், மற்றவர் வரலாறு. எவரும் கணினியியல் பயின்றவர் அல்லர். அறையில் இருந்தவை பதினான்கு பழைய கணினிகள். விலை கொடுத்து வாங்கிய இயங்குதளத்தின் அந்தப் பதிப்புக்குத் திருத்தங்கள் வருவது நின்றுபோயிருந்தது. புதிய பதிப்பையோ பழைய கணினிகள் தாங்கா. புதிய கணினிகளைப் பள்ளி தாங்காது. அந்நிலையில் முன்னாள் மாணவர் ஒருவர், "லினக்ஸ் போடுங்கள் சார், இந்தக் கணினிகளே இன்னும் பல ஆண்டு ஓடும்" என்றார். அன்று தொடங்கியது எங்கள் கல்வி.

லினக்ஸ் என்பது என்ன என்று அறியாதவர்க்குச் சிறிது சொல்ல வேண்டும். ஒரு மென்பொருளின் உள்ளமைப்பை எவரும் பார்க்கவும், மாற்றவும், பிறருக்கு வழங்கவும் உரிமை இருக்க வேண்டும் என்னும் கொள்கையுடன், அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் 1983-இல் 'குனு' என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த 21 வயது இளைஞர் லினஸ் டோர்வால்ட்ஸ், இயங்குதளத்தின் கருப்பகுதியை எழுதி வெளியிட்டார். மறு ஆண்டே அதனைக் குனு பொது உரிமத்தின்கீழ்க் கொண்டுவந்தார். இரண்டும் இணைந்ததே இன்று நாம் சுருக்கமாக லினக்ஸ் என்று அழைப்பது. தமிழில் இதனைக் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது அவற்றிலும் அது இடம்பெற்றது. ஆங்கிலத்தில் தடுமாறுவோருக்குத் துணையாக, 2012 முதல் 'கணியம்' என்னும் மின்னிதழ் இவற்றையெல்லாம் எளிய தமிழில் எழுதிவருகிறது. எங்களுக்கும் அதுவே முதல் ஆசான்.

படங்களைச் சொடுக்கி வேலை செய்யும் வழி லினக்ஸிலும் உண்டு. எனினும் பதினான்கு கணினிகளையும் ஒழுங்காக நிர்வகிக்க வேண்டுமாயின் கட்டளை வரியைக் கற்றே ஆக வேண்டும் என்றார் அம்மாணவர். ஒரு கரிய திரை, அதில் கண்சிமிட்டிக் காத்திருக்கும் ஒரு சிறு குறி, அவ்வளவுதான். என்ன செய்யலாம் என்று அது காட்டாது. என்ன வேண்டும் என்பதை நாம் அறிந்து, எழுத்துப் பிழையின்றிச் சொல்ல வேண்டும். கடைத்தெருவில் பரப்பி வைத்த பொருள்களைப் பார்த்துக் கைகாட்டி வாங்குவதற்கும், பண்டகசாலைக் கணக்கரிடம் பெயரும் அளவும் சொல்லிக் கேட்டு வாங்குவதற்கும் உள்ள வேறுபாடு அது.

'எல்.எஸ்.' என்றால் இங்குள்ள கோப்புகளைப் பட்டியலிடு. 'சி.பி.' என்றால் படியெடு. 'ஆர்.எம்.' என்றால் நீக்கு. ஐயம் வந்தால் 'மேன்' என்று எழுதிக் கட்டளையின் பெயரையும் எழுதினால் அதன் கையேடு திரையில் விரியும். ஐம்பது வயதைத் தாண்டிய நாங்கள் பள்ளி மாணவரைப்போல் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இவற்றை எழுதி மனனம் செய்தோம். எங்களை முதலில் வியக்க வைத்தது அக்கணினியின் மௌனம். இட்ட கட்டளை சரியாக நிறைவேறினால் பெரும்பாலும் அது ஒன்றும் சொல்வதில்லை. பிழை நேர்ந்தால் மட்டுமே பேசும்.

இரண்டாவதாக எங்களைக் கவர்ந்தது உரிமைகளின் ஒழுங்கு. லினக்ஸின் முன்னோடியாகிய யூனிக்ஸ் 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்திய காலம் அது. எனவே ஒவ்வொரு கோப்புக்கும் உடையவர் யார், அவர் சார்ந்த குழு எது, ஏனையோர் யார் என மூன்று நிலை வகுத்து, படிக்கலாமா, எழுதலாமா, இயக்கலாமா என்று தனித்தனியே குறித்து வைத்தார்கள். ஒரு மாணவியின் கட்டுரையை மற்றொரு மாணவர் திறக்க இயலாது. இக்கணினி உனக்கு மட்டும் உரியதன்று, உன் அருகே பிறரும் வாழ்கிறார்கள் என்னும் எண்ணம் அதன் அமைப்பிலேயே பதிந்திருக்கிறது.

ஆனால் இந்த ஒழுங்குக்கெல்லாம் மேற்பட்ட ஒருவர் உண்டு. அவர் பெயர் 'ரூட்'. வேர் என்று பொருள். அவருக்குப் பூட்டிய கதவு எதுவும் இல்லை. எவருடைய கோப்பையும் படிப்பார், திருத்துவார், நீக்குவார். இயங்குதளத்தையே அழிக்குமாறு அவர் கட்டளையிட்டாலும் பெரும்பாலானவற்றை அது மறுக்காது செய்துவிடும். அந்த வேரின் கடவுச்சொல் எங்கள் மூவரிடமும் இருந்தது.

இப்பேராற்றலைக் கையாள 'சூடோ' என்றொரு கருவி 1980 அளவில் அமெரிக்காவின் பஃபலோ நகர்ப் பல்கலைக்கழகத்தில் உருவாகி, இன்று எங்கும் பரவியுள்ளது. நிர்வாகி எந்நேரமும் வேராக அமர்ந்திராமல், சாதாரணப் பயனராகவே இருந்து, தேவைப்படும் ஒரு கட்டளைக்கு மட்டும் அதிகாரத்தை எடுத்துக்கொள்ள அது வழிசெய்கிறது. வழக்கமான அமைப்பில் அது கேட்பது வேரின் கடவுச்சொல்லை அன்று. கட்டளையிடுபவரின் சொந்தக் கடவுச்சொல்லை. யார், எப்போது, எக்கட்டளையை இட்டார் என்பதையும் அது பதிவேட்டில் எழுதிவைக்கிறது. முதன்முறை பயன்படுத்துவோருக்குப் பல கணினிகளில் அது மூன்று அறிவுரைகளைக் கூறும்: பிறருடைய அந்தரங்கத்தை மதித்து நட, தட்டச்சு செய்யுமுன் சிந்தி, பேராற்றலோடு பெரும் பொறுப்பும் வருகிறது. ஒரு கருவி தன்னைத் தொடுபவரிடம் அறநெறி பேசுவதைக் கண்டு அன்று நாங்கள் சிரித்தோம். அடிக்கடி கடவுச்சொல் கேட்பது தொல்லையாக இருந்தது. ஆகவே காலையில் வேராக உள்நுழைந்து மாலைவரை அப்படியே இருப்பதை வழக்கமாக்கிக்கொண்டோம்.

அந்த ஆண்டு பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் தத்தம் ஊர்ப் பெரியவர்களைச் சந்தித்து, அவர்கள் செய்த பழைய தொழில்களைப் பற்றிக் குரல்பதிவு செய்துகொண்டு வந்திருந்தார்கள். மொத்தம் இருபத்துமூன்று பதிவுகள். அவற்றுள் ஒன்று ஒரு மாணவியின் அப்பத்தாவின் குரல். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களில் முகம் பார்க்கலாம் என்று நாம் பெருமை பேசுகிறோம் அல்லவா? சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் சேர்த்துப் பூசி மெருகேற்றிய அச்சுவர்களுக்கு, சிறுமியாக இருந்தபோது சுண்ணாம்பு அரைத்த சித்தாள் அவர். எந்த ஊரில் எந்த வீடு, கூலி எவ்வளவு, வெந்த கைக்கு என்ன தடவினார்கள் என்றெல்லாம் நாற்பது நிமிடங்கள் பேசியிருந்தார். பதிவு செய்த சில வாரங்களில், தை மாதத்தில் அவர் இறந்துபோனார்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, எங்களுள் ஒருவர் பதிவுகள் இருந்த கோப்புறையில் 'ஓல்ட்' என்று பெயர் தொடங்கும் வேண்டாத கோப்புறைகளை நீக்க முற்பட்டார். அச்சொல்லை ஒட்டி உடுக்குறி இட்டால், அப்படித் தொடங்கும் அனைத்தும் என்று பொருள். சொல்லுக்கும் குறிக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்தால், அச்சொல்லும், இங்குள்ள மற்ற அனைத்தும் என்று பொருள். இடைவெளி விழுந்துவிட்டது. சாதாரணப் பயனராக இருந்திருந்தால் மாணவர்களின் கோப்புகளைத் தொட அனுமதியில்லை என்று கணினி மறுத்திருக்கும். வேராக அமர்ந்திருந்ததால் அது மறுக்கவில்லை. வழக்கம்போல் மௌனமாக இருந்தது. கோப்புறை வெறுமையாகிவிட்டது.

அந்நேரத்தில் கணினியை உடனே நிறுத்தியிருக்க வேண்டும். நீக்கிய கோப்பின் தடம் வட்டில் சிறிது நேரம் எஞ்சியிருக்கும். அதன்மீது வேறொன்று எழுதப்பட்டால்தான் அழியும். அதை அறியாமல், பதற்றத்தில் மீட்புக் கருவிகளை அதே வட்டில் இறக்கி, எஞ்சியதையும் நாங்களே அழித்தோம். மாணவர்களின் கைப்பேசிகளிலிருந்து பதினான்கு பதிவுகள் கிடைத்தன. எட்டுப் பெரியவர்கள் மீண்டும் பேச இசைந்தார்கள். அப்பத்தாவின் குரல் மட்டும் கிடைக்கவில்லை. பள்ளிக் கணினியில் பத்திரமாக இருக்கிறது என்று நம்பி, கைப்பேசியில் இடம் போதாமல் அம்மாணவி அதை முன்னரே நீக்கியிருந்தாள்.

இழப்பு ஒருபுறம் இருக்க, அன்றிரவு எங்களுக்கு வந்த சோதனையைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம். "வட்டு பழுதாகிவிட்டது" என்று சொல்லிவிடலாம் என்னும் பேச்சு எழுந்தது. பழைய கணினி, எவரும் நம்புவர். கட்டளைகளின் வரலாற்றைக் கணினி ஒரு கோப்பில் குறித்து வைத்திருந்தது. வேராக இருப்பவர் அந்தக் கோப்பையும் நீக்கலாம். அப்போதுதான் எங்கள் கையில் இருந்த அதிகாரத்தின் முழு உருவம் விளங்கிற்று. அழிக்கும் ஆற்றல் அதில் பாதிதான். அழித்ததன் சுவட்டையும் அழிக்கும் ஆற்றல் மறுபாதி. எந்த அதிகாரத்துக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறோம். தவறு செய்வதற்கான வாய்ப்பைவிட, தவற்றை மறைப்பதற்கான வாய்ப்பே அதிகாரத்தில் இருப்பவரை விரைவாகக் கெடுக்கிறது.

மறுநாள் அம்மாணவியின் வீட்டுக்குச் சென்று, அவளிடமும் அவள் தந்தையிடமும் நடந்ததை நடந்தபடி சொன்னோம். தந்தை ஒன்றும் பேசவில்லை. அவள், "பரவாயில்லை சார்" என்றாள். அது உண்மையன்று என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பிழையை ஒப்புக்கொள்வது போனதைத் திருப்பித் தருவதில்லை. மன்னிப்பும் தருவதில்லை. ஒப்புரவுக்குச் சென்று மீளும் நாம் சிலவேளை மறந்துவிடும் உண்மை இது.

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும். இத்தகைய ஆற்றலை ஒரு மனிதர் கையில் கொடுப்பதே தவறு அல்லவா? 'உறுதியாக நீக்கலாமா?' என்று மும்முறை கேட்கும் கருவி, கேடு செய்யவே இயலாதபடி பூட்டிய கருவி அல்லவா நல்லது? இதில் உண்மை உண்டு. குழந்தை புழங்கும் அடுப்படியில் அரிவாள்மனையை உயரத்தில் வைக்கத்தான் வேண்டும். மாணவர்களுக்கு நாங்கள் வேரின் சாவியைக் கொடுப்பதில்லை. ஆனால் பூட்டிய கருவியிலும் சாவி இல்லாமல் இல்லை. அது வேறெங்கோ இருக்கிறது. நாம் காசு கொடுத்து வாங்கிய கைப்பேசியில் பெரும்பாலும் வேரின் அதிகாரம் நமக்கு இல்லை. எதை நீக்கலாம், எவ்வளவு காலம் திருத்தங்கள் வரும் என்பதை எங்கோ இருக்கும் ஒரு நிறுவனம் முடிவு செய்கிறது. ஆகவே அதிகாரம் வேண்டுமா வேண்டாமா என்பதன்று கேள்வி. அது யார் கையில், யார் பார்வையில் இருக்க வேண்டும் என்பதே கேள்வி.

கொடையின் இயல்பையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைய வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கினார். 1948-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953-இல் அது திறக்கப்பட்டது. கொடுத்தவர் சாவியைத் தம்மிடம் வைத்துக்கொள்ளவில்லை. ஆய்வகம் நாட்டுக்கு உரியதாயிற்று. கட்டற்ற மென்பொருளும் சாவியோடு வரும் கொடை. அது மட்டுமன்று, இதனைப் பிறருக்கு வழங்குவாயாயின் நீ பெற்ற உரிமைகளோடே வழங்கு என்று குனு பொது உரிமம் பெறுபவரையும் கடமைப்படுத்துகிறது. சாவியோடு வரும் கொடை பெறுபவரைப் பெரியவராக மதிக்கிறது. பெரியவராக நடந்துகொள்ளும் சுமையையும் அவர்மீது ஏற்றுகிறது.

அச்சுமையைத் தாங்குவது எப்படி? இதற்கு நம் மண்ணிலேயே ஒரு பாடம் இருக்கிறது. பர்மாவிலும் மலேயாவிலும் நடந்த செட்டியார் கடைகளில் முதலாளி பெரும்பாலும் ஊரில் இருப்பார். கடல்கடந்த கடையை நடத்துபவர் மேலாள். முதலாளியின் பணம், பத்திரங்கள், நற்பெயர் அனைத்தும் அவர் கையில். கப்பலில் கடிதம் போய்வரும் காலத்தில் அவரை நாள்தோறும் யார் கண்காணிக்க முடியும்? ஆயினும் அம்முறை பல தலைமுறை நின்றது. ஏன்? பெட்டியடியில் அமர்ந்து பழகிய பையன்தான் அடுத்தாளாகி, பின்னர் மேலாளாக உயர்ந்தான்; சிறியதில் பழகாதவன் கையில் பெரியது வரவில்லை. வரவு செலவெல்லாம் ஏட்டில் ஏறின. ஐந்தொகை ஊருக்கு வந்தது. மூன்றாண்டுக் கணக்கு முடிந்ததும் அவர் ஊர் திரும்ப, கடை வேறொருவர் கைக்கு மாறுவது வழக்கம். வட்டித் தொழிலின் நன்மை தீமைகளைப் பற்றிப் பேச வேண்டியவை வேறு உண்டு. ஆனால் காணாத இடத்தில் இருப்பவரை நம்புவதற்கு அவர்கள் கண்ட வழி சிந்திக்கத்தக்கது. நல்லவனாகத் தேடிப் பிடித்து நம்பியதோடு அவர்கள் நிற்கவில்லை. நல்லவனும் கணக்குக் காட்ட வேண்டும் என்று வைத்தார்கள். நற்செய்தியில் வரும் வீட்டுப் பொறுப்பாளரிடமும் அவருடைய தலைவர் முதலில் கேட்பது கணக்கைத்தான்.

எங்கள் கணினி அறையிலும் சில மாற்றங்களைச் செய்தோம். வேராக உள்நுழையும் வழியை அடைத்தோம். சூடோ வழியே, ஒவ்வொரு முறையும் அவரவர் கடவுச்சொல்லைத் தந்தே அதிகாரத்தை எடுக்கிறோம். முன்பு தொல்லையாகத் தோன்றிய அந்தக் கேள்வி, சிந்திப்பதற்குக் கிடைக்கும் ஒரு நொடி என்று இப்போது அறிகிறோம். கட்டளைகளின் பதிவேடு உடனுக்குடன் இன்னொரு கணினிக்கும் செல்கிறது. அதன் சாவி எங்கள் மூவரிடமும் இல்லை, தலைமையாசிரியரிடம் இருக்கிறது. வெள்ளிதோறும் எல்லாக் கோப்புகளுக்கும் ஒரு படியெடுத்து, அப்படியிலிருந்து மீட்க முடிகிறதா என்றும் சோதிக்கிறோம். பதினொன்றாம் வகுப்பில் ஆர்வமுள்ளோருக்குக் கட்டளை வரியைக் கற்பிக்கிறோம். ஒருவருக்கே தெரிந்த வேலையில் அவர் செய்வது சரியா என்று கேட்க ஆளில்லாமல் போகும். பலருக்குத் தெரிந்தால் கேள்வி தானே பிறக்கும்.

மனச்சான்று இருந்தால் போதாதா, இத்தனை ஏற்பாடு எதற்கு என்று சிலர் கேட்டார்கள். அன்றிரவு எங்களிடமும் மனச்சான்று இருந்தது. அதனோடு மறைக்கும் எண்ணமும் இருந்தது. மனச்சான்று தனியே நின்று போராட வேண்டிய நிலையை அடிக்கடி உண்டாக்காமல் இருப்பதும் அறத்தின் பகுதியே. பங்கின் கணக்கை எழுதுபவர், கூட்டுறவுச் சங்கத்தின் பொருளாளர், முதிய பெற்றோரின் வங்கி அட்டையை வைத்திருக்கும் மகன், நோயாளியின் இரகசியத்தை அறிந்த செவிலியர் என நம்மில் பலரிடம் எவரும் எண்ணிப் பார்க்காத சாவிகள் உள்ளன. 'என்னை நம்பமாட்டீர்களா?' என்று கேட்பதைவிட, கேட்குமுன்னே கணக்கை எடுத்து வைப்பது நம்பிக்கைக்கு நாம் செய்யும் மரியாதை.

கணினி அறையில் ஒரு கையெழுத்துக் குறிப்பேடும் வைத்திருக்கிறோம். அதன் முதல் பக்கத்தில் அந்த வெள்ளிக்கிழமையின் தேதி, இட்ட கட்டளை, விழுந்த இடைவெளி, இழந்த பதிவின் விவரம், எங்கள் மூவரின் கையொப்பம் ஆகியவை உள்ளன. புதிதாகக் கற்க வருபவர்கள் எல்.எஸ். என்று எழுதுவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள். அம்மாணவி கற்க வரவில்லை. வேறு பாடம் எடுத்துப் படித்து, பள்ளியை விட்டுச் சென்றுவிட்டாள். போகுமுன் ஒருநாள் வந்து, அப்பத்தா சொன்னவற்றில் தன் நினைவில் இருந்ததை மூன்று பக்கங்களில் எழுதிக் கொடுத்தாள். அதில் வீடுகளின் பெயர்கள் இருக்கின்றன, கூலி இருக்கிறது. குரல் இல்லை. அப்பக்கங்களுக்கு மூன்று படிகள் எடுத்து மூன்று இடங்களில் வைத்திருக்கிறோம்.